'ஓட வேண்டாம்' என்று எழுதித் தர முடியுமா, டாக்டர்?

வந்த கடிதத்தின் சுருக்கம் இது. பெயர், ஊர், பள்ளி எல்லாம் நீக்கப்பட்டுள்ளன.

கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 14 வயது. தனியார் பள்ளி, மாநிலப் பாடத்திட்டம். ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். எட்டாம் வகுப்பு வரை பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தவள், குறுவட்டப் போட்டியிலும் ஆடியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் அட்டவணைப்படி வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் உண்டு, பெரும்பாலும் கணக்கு ஆசிரியை எடுத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். போன மார்கழியில், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைக் காலையில் மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடி முடித்த சில நிமிடங்களில் இவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா, இல்லேன்னா படியில உட்காரு" என்று அன்று முதல் பி.டி. மாஸ்டர் சொல்கிறார். எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்கிறது.

ஒரு வருடத்தில் எடை 6 கிலோ கூடிவிட்டது; இன்ஹேலர்தான் காரணமோ என்று தாய்க்குச் சந்தேகம். மாதவிடாய் நாட்களில் வலியும் போக்கும் அதிகம். "பத்தாவதுல பி.டி.யே கிடையாது. 500க்கு எவ்வளவுன்னுதான் கேட்பாங்க, விடு" என்கிறார் கணவர். மகள் மட்டும், "நான் இனிமே ஆடவே முடியாதாம்மா?" என்று கேட்டு அழுதிருக்கிறாள். தாயின் கேள்விகள் நான்கு. ஓடினால் நோய் முற்றுமா? பி.டி.யிலிருந்து நிரந்தர விலக்குக் கேட்டு மருத்துவச் சான்று வாங்கலாமா? அல்லது, பி.டி. வேண்டும் என்று பள்ளியைச் சட்டப்படி கேட்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டால் போதாதா? கடைசி வரியில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனின் கண்ணைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆடலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சரியாக மருந்து எடுத்தால் அவள் கோ-கோவும் ஆடலாம், ஓட்டப் பந்தயத்திலும் ஓடலாம். நேரில் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டிய விஷயங்கள் சில உண்டு; அவற்றைக் கீழே சொல்கிறேன். நீங்கள் கேட்கும் விலக்குச் சான்றை எந்த மருத்துவரும் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார். ஆனால் அது அவள் கைக்கு வந்த நாளிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும்வரை அவள் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தேவைப்படுவது வேறொரு கடிதம்.

அன்று மைதானத்தில் நடந்தது

வேகமாக ஓடும்போது மூக்கால் மட்டும் மூச்சு விட்டால் போதாது, வாய் திறந்துகொள்ளும். மூக்கு வழியாகப் போகும் காற்று சூடாகி, ஈரப்பட்டு உள்ளே போகும். வாய் வழியே வறண்ட காற்று நேரடியாக இறங்கும். சுவாசக் குழாயின் உட்பூச்சு ஈரத்தை இழக்க, அங்கிருக்கும் சில செல்கள் எரிச்சலூட்டும் ரசாயனங்களை வெளியிடுகின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இந்த இறுக்கம் அதிகமாக வரும். அது ஓடும்போதைவிட, நின்ற பிறகு 5 முதல் 10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே தணியும். 'ஓடி முடித்த சில நிமிடங்களில்' என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு அப்படியே பொருந்துகிறது.

நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் இந்த இளைப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. வறண்ட காற்றில், இடைவிடாமல் 6 முதல் 8 நிமிடம் வேகமாக ஓட வைப்பார்கள். 200 மீட்டர் மைதானத்தை ஐந்து சுற்று என்றால் ஒரு கிலோமீட்டர். பயந்துபோய் ஓடும் பிள்ளைக்கு ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். மார்கழிக் காலையின் குளிர் காற்று, மைதானத்துப் புழுதி, உடலைச் சூடாக்கும் பயிற்சி இல்லை, முன்னதாக மருந்தும் இல்லை. ஆஸ்துமா உள்ள யாருக்கும் இளைப்பு வரக்கூடிய ஏற்பாடு அது. அந்த ஒரு காலையை வைத்து 'இவளுக்கு விளையாட்டு ஒத்துக்கொள்ளாது' என்று யாராவது முடிவு செய்தால் தவறு. எட்டாம் வகுப்பு வரை அவள் ஆடிய கோ-கோவை நினைத்துப் பாருங்கள். துரத்துபவள் சில விநாடிகள் பாய்ந்து ஓடி, 'கோ' கொடுத்து உட்கார்ந்துவிடுகிறாள். ஆட்டச் சுற்று 9 நிமிடம் என்றாலும் ஓட்டம் துண்டுதுண்டாகத்தான் வருகிறது. இப்படி விட்டுவிட்டு ஓடும் ஆட்டங்களில் இளைப்பு குறைவாகவே வரும்.

ஓடினால் நோய் முற்றுமா என்றால், முற்றாது. கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாவில் முறையான பயிற்சி மூச்சுத் திறனைக் கூட்டும். ஓடாமல் உட்கார்ந்தே இருந்தால் தாங்குதிறன் இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், அதையும் வீசிங் என்றே நினைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப்புக்கு ஓடினால் வரும் ஆஸ்துமா உண்டு. 2003 லண்டன் மாரத்தானை அவர் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார்; பெண்கள் மாரத்தானில் அந்த நேரத்தை முறியடிக்க 2019 வரை ஆயிற்று. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்ஹேலர் பற்றி

"பழகிவிடும் என்று உறவினர் சொன்னதால், ரொம்ப முடியாதபோது மட்டும் கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஹேலர் பழகிவிடுவதில்லை. மாத்திரையாகவோ சிரப்பாகவோ கொடுத்தால் ரத்தம் வழியாக உடல் முழுக்கச் சுற்றும் மருந்தை, இன்ஹேலர் மிகச் சிறிய அளவில் நேராக நுரையீரலுக்குக் கொண்டு போகிறது. எடை கூடியதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பில்லை. நீங்களே எப்போதாவதுதான் கொடுத்திருக்கிறீர்கள். அதிலும் உடனடி நிவாரண மருந்தான சல்பூட்டமால் எடையைக் கூட்டாது. 13, 14 வயதில் கொஞ்சம் எடை கூடுவது இயல்பு. 6 கிலோ அதிகமா இல்லையா என்பதை உயரத்தோடு சேர்த்து, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அணியில் இருந்த பெண் ஒரு வருடமாக மைதானத்துக்கே போகவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஓடுவதற்கு முன் சல்பூட்டமால் இன்ஹேலரை இப்படி எடுக்கலாம். ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம் வரும். வழக்கமான அளவு இரண்டு அழுத்தல், விளையாட்டுக்கு 15 நிமிடம் முன்பு. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழாயில்) பொருத்தி, ஒரு முறை அழுத்தி, மெதுவாக இழுத்து 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். அது முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே ஐந்தாறு முறை இயல்பாக மூச்சு விட்டால் போதும். அரை நிமிடம் கழித்து அடுத்த அழுத்தல். ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். 'போட்டும் கேட்கவில்லை' என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான்.

ஆனால் சல்பூட்டமாலை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அதை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் சொல்கிறது. சல்பூட்டமால் தசையைத் தளர்த்தும், குழாய்க்குள் இருக்கும் அழற்சியைத் தொடாது. விளையாட்டு நேரம் தவிர வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்பட்டாலோ, இரவில் இருமலோடு விழித்தாலோ, குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவை என்று பொருள். அதை ஒழுங்காக எடுத்தால் சில வாரங்களில் ஓடும்போது வரும் இளைப்பும் குறையும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத் திறன் பரிசோதனை. அந்த வசதி இல்லாத இடத்தில், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியால் ஓடுவதற்கு முன்பும், ஓடிய பின் 5, 10, 15 நிமிடத்திலும் ஊதிப் பார்க்கலாம். 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் சந்தேகம் உறுதியாகும். இரண்டு, இளைப்புச் சத்தம் மூச்சை வெளியே விடும்போது வருகிறதா, உள்ளே இழுக்கும்போது வருகிறதா. இழுக்கும்போது தொண்டையில் இறுக்கத்தோடு சத்தம் வந்து, நின்றதும் ஓரிரு நிமிடத்தில் சரியானால் அது ஆஸ்துமாவாக இல்லாமல் குரல்வளை சுருங்குவதாக இருக்கலாம். வளரிளம் பெண்களுக்கு இது வருவதுண்டு. இன்ஹேலர் பயன்படாது, மூச்சுப் பயிற்சிதான் சிகிச்சை. மூன்று, ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன மாதவிடாய்ப் போக்கு இங்கேதான் வருகிறது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ஓடும்போது மூச்சு வாங்கும், கால் ஓயும், வகுப்பில் கவனமும் நிற்காது. ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ மகளிர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம். இன்னொன்று: மாதவிடாய் வலிக்குப் பல வீடுகளில் கேட்காமலே கொடுக்கும் மெஃபெனமிக் அமிலம், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைத் தூண்டும். பாராசிட்டமால் பாதுகாப்பானது. மருத்துவரிடம் இரண்டு பிரச்சினைகளையும் ஒன்றாகச் சொல்லுங்கள்.

அந்த நாட்களில் ஓடக் கூடாது என்று மருத்துவ விதி எதுவும் இல்லை. வலி அதிகமான நாளில் ஓய்வெடுக்கட்டும், மற்ற நாளில் லேசான ஓட்டம் வலியைக் குறைக்கவும் செய்யும். பல பள்ளிகளில் பி.டி. நாளன்று வெள்ளைச் சீருடை என்று வைத்திருக்கிறார்களே, பெண் பிள்ளைகள் அன்று வயிற்று வலி என்று சொல்லி ஒதுங்குவதற்கு அதுவே பாதிக் காரணம். அடர்நிற டிராக் பேன்ட் என்று மாற்றினாலே மைதானத்துக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை கூடும். பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்கள் கேட்டு வாங்கக்கூடிய மிகச் சுலபமான மாற்றம் இது.

உங்களுக்கு வேண்டிய கடிதம்

மருத்துவர் தம் கடிதத்தாளில் பள்ளிக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இவை இருக்கட்டும்:

1. நோயின் பெயர், அது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற வரி, 'எல்லா உடற்கல்வி வகுப்புகளிலும் பங்கேற்கலாம்' என்ற வரி. இந்தக் கடைசி வரிதான் கடிதத்தின் உயிர்.

2. ஓடுவதற்கு 15 நிமிடம் முன்பு மருந்து. பிறகு 10 முதல் 15 நிமிடம் உடலைச் சூடாக்கும் பயிற்சி. அதில் 20, 30 விநாடி வேக ஓட்டங்கள் சில, நடுவில் நடை. இப்படிச் செய்துவிட்டு ஆடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு இளைப்பு வருவது குறையும். ஆட்டம் முடிந்ததும் சட்டென்று உட்காராமல் 5 நிமிட நடை.

3. இன்ஹேலரும் ஸ்பேசரும் மாணவியின் பையிலேயே இருக்கும். அலுவலக அறையில் பூட்டி வைக்கக் கூடாது.

4. இளைப்பு வந்தால்: உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 அழுத்தல், 4 நிமிடம் பொறுத்துச் சரியாகாவிட்டால் மறுபடி 4. அப்போதும் சரியாகாவிட்டால், அல்லது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், விலா எலும்புகளுக்கு நடுவில் சதை உள்வாங்கினால், 108. வண்டி வரும்வரை மருந்தைத் தொடரலாம். அவளைத் தனியாக வகுப்புக்கோ வீட்டுக்கோ அனுப்பக் கூடாது.

5. தவிர்க்க வேண்டியவை: சளி, காய்ச்சல் உள்ள நாளில் வேக ஓட்டம், புழுதி பறக்கும்போது ஓட்டம் (மைதானத்தில் முன்பே தண்ணீர் தெளித்தால் போதும்), குளிர்காலக் காலையில் மூக்கையும் வாயையும் மூடும் கைக்குட்டை இல்லாமல் ஓடுவது, தண்டனையாக ஓடவிடுவது.

இதன் நகல் ஒன்று பி.டி. மாஸ்டரிடம் இருக்க வேண்டும். அவர்மீது உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் பயந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அறுபது பிள்ளைகளோடு மைதானத்தில் தனியாக நிற்பவரின் கண்ணெதிரே ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினால், அடுத்த முறை படியில் உட்கார வைக்கத்தான் தோன்றும். என்ன செய்ய வேண்டும் என்பது தாளில் இருந்தால் பயம் குறையும். ஒரு நாள் நேரில் போய், இன்ஹேலரை அவர் கையிலேயே கொடுத்து எப்படி அழுத்துவது என்று மகளே காட்டட்டும்.

பள்ளியிடம் எதைக் கேட்கலாம்

'பள்ளி பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளி நேரத்தில் மாணவியைக் கவனிக்க வேண்டிய கடமை அந்தத் தாளால் மறைந்துவிடாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று உங்கள் வாய்தான் அடைபடும். அதற்குப் பதிலாக, மருத்துவர் கடிதத்தை இணைத்து, 'மகளின் உடல்நிலை பற்றிய தகவல்' என்று நீங்களே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் முழுமையாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். பாதிதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்களும் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை 6 முதல் 14 வயது, எட்டாம் வகுப்பு வரை. பத்தாம் வகுப்புக்கு வாரம் இத்தனை பி.டி. பீரியட் கொடு என்று அதை வைத்து வாதாட முடியாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்வியைக் கட்டாயம் ஆக்கியது. அது அந்த வாரியப் பள்ளிகளுக்குத்தான், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி முதன்முதலில் தொடங்கியது 1920இல் சென்னையில்தான், ஒய்.எம்.சி.ஏ. சார்பில். அந்த மாநிலத்தில் இந்தப் பீரியடைப் பற்றி இவ்வளவு மன்றாட வேண்டியிருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்.

உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் பள்ளியின் சொந்தக் கால அட்டவணை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பீரியட் என்று எழுதிவிட்டு நடத்தாமல் இருந்தது பள்ளியே வகுத்ததை மீறியது. பத்தாம் வகுப்பு அட்டவணை வந்ததும் நகல் வாங்குங்கள். தனியாகப் போகாமல் நான்கைந்து பெற்றோராக முதல்வரைப் பாருங்கள். 'வாரத்துக்கு இரண்டு 40 நிமிடம், தேர்வுக்கு முந்தைய வாரங்களிலும் ஒன்று' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 'இன்னும் கொஞ்சம் விளையாட விடுங்கள்' என்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். அங்கே பலிக்காவிட்டால் பெற்றோர் ஆசிரியர் கழகம், பிறகு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண். ஒரு நடைமுறை எச்சரிக்கை: பத்தாம் வகுப்பு நடுவில் 'டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற பேச்சு வந்தால் வேறு பள்ளி கிடைப்பது கஷ்டம். அதனால் முதல் படியிலேயே புகாருக்குப் போக வேண்டாம். பி.டி. கேட்டுப் போராடுவதைவிட, மருத்துவர் கடிதத்தை மதிக்கச் சொல்வது எளிது, அதிலிருந்து தொடங்குங்கள்.

தண்டனை ஓட்டம் வேறு விஷயம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையை மட்டும் அடிக்கலாம், ஓடவிடலாம் என்று எந்தப் பள்ளியும் வெளியில் சொல்லத் துணியாது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கும் பள்ளியில், ஓட்டம் என்றாலே அவமானம் என்று பிள்ளைகள் படித்துக்கொள்கிறார்கள். வேறெந்தப் பாடத்தையும் அவ்வளவு சீக்கிரம் படிப்பதில்லை.

கணவர் கேட்கும் 500

அவர் கவலை நியாயமானது, அதை ஒதுக்க வேண்டாம். பி.டி. பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தால் மதிப்பெண் கூடுமா என்பதுதான் கேள்வி. கனடாவின் கியூபெக்கில் ட்ருவா-ரிவியேர் என்ற ஊரில் 1970களில் பாட நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்துப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். மதிப்பெண் குறையவில்லை, சற்றுக் கூடியது. அது தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்தது. பத்தாம் வகுப்பு வேறு என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பள்ளியில் உடலியக்கத்துக்கும் படிப்புக்கும் இடையே பார்க்கப்பட்ட தொடர்புகளில் ஏறக்குறைய பாதி சாதகமாகவும், மீதியில் பெரும்பாலானவை கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமலும் இருந்தன. பாதகமாக இருந்தது 2 சதவீதத்துக்கும் கீழே. ஓடினால் சென்டம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓடியதால் மதிப்பெண் போயிற்று என்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

மதிப்பெண் பட்டியலில் வராத ஒரு கணக்கும் உண்டு. பெண்களின் எலும்பு அடர்த்தியில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும்தான் எலும்பில் சுண்ணாம்புச் சத்தை இருத்தும். இது சேமிப்புக் கணக்கு மாதிரி; 50 வயதில் எடுக்க வேண்டியதை இப்போது போட்டு வைக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் 3 சதவீதம், பொறியியல் சேர்க்கையில் தனி இடங்கள் என்று ஒதுக்கீடுகள் இருப்பதையும் அவரிடம் சொல்லலாம். ஆனால் குறுவட்ட அளவில் ஆடிய பிள்ளையின்மேல் அந்த எதிர்பார்ப்பை ஏற்ற வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கராத்தே

சேர்க்கலாம், பி.டி.க்கு அது ஈடாகாது. 5 முதல் 17 வயதினருக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவும், வாரம் மூன்று நாளாவது எலும்பும் தசையும் வலுப்பெறும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் உலகளவில் இந்த அளவை எட்டவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? தவிர, பயிற்சி வகுப்பில் ஒரு கலையைச் சொல்லித் தருவார்கள். நல்ல உடற்கல்வி ஆசிரியர் சொல்லித் தருவது வேறு: குதித்தால் முழங்கால் உள்ளே மடியாமல் எப்படித் தரையிறங்குவது, தோற்றால் எப்படிக் கைகொடுப்பது, எந்த வேகத்தில் ஓடினால் கடைசிவரை தாங்கும் என்பது. ஆட்டத்தில் கெட்டிக்காரி அல்லாத பிள்ளைக்கும் இது கிடைக்கும் இடம் பள்ளிதான்.

பள்ளி திறக்கும் முன் அவளைத் தயார் செய்ய ஆறு வாரம் போதும். மருத்துவர் பார்த்து மருந்தைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள். கோடையில் காலை 7 மணிக்கு முன், அல்லது மாலை 5 மணிக்குப் பின். முதல் இரண்டு வாரம், வாரத்தில் 4 நாள்: 5 நிமிடம் விறுவிறு நடை, பிறகு 1 நிமிடம் மெல்லோட்டமும் 2 நிமிடம் நடையும் ஆறு முறை, கடைசியில் 5 நிமிடம் நடை. அடுத்த இரண்டு வாரம் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. அதோடு வாரத்தில் இரண்டு நாள் ஸ்கிப்பிங், 30 விநாடி ஆறு முறை. கடைசி இரண்டு வாரம் கோ-கோ பாணியில் 15 விநாடி பாய்ச்சல், 45 விநாடி நடை, எட்டு முறை. குத்தவைத்து எழுவது 10 வீதம் மூன்று முறை. ஓடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் சரியான வேகம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர். வருட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே கோ-கோவில் இறங்கினால் கணுக்கால் பிசகும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிறகு 'பார்த்தீர்களா, சொன்னேனே' என்று வீட்டில் பேச்சு வரும்.

பத்தாம் வகுப்பில் பள்ளி எதுவுமே கொடுக்காவிட்டாலும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்ததும் 20 நிமிட ஸ்கிப்பிங்கும் நடையும், ஞாயிறு காலை பழைய அணித் தோழிகளோடு ஒரு மணி நேரம் கோ-கோவும் வைத்துக்கொள்ளுங்கள். 60 நிமிடத்தை எட்டாது. ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அக்காவைப் போல அவனுக்கும் கண்ணாடி வந்துவிடுமோ என்ற பயம். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கும் நேரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தக் குழுவில் 30.4 சதவீதம், மற்ற குழுவில் 39.5. பகல் வெளிச்சம்தான் இதில் முக்கியம் என்று கருதுகிறார்கள். வெளியே என்ன விளையாடினாலும் சரி. அவன் படிப்பது இரண்டாம் வகுப்பு என்பதால் கல்வி உரிமைச் சட்டத்தின் மைதான விதி அவனுக்கு அப்படியே பொருந்தும். அவன் பி.டி. பீரியடை யாராவது எடுத்துக்கொண்டால் மகளுக்குப் பேசியதைவிட உறுதியாகவே பேசலாம். பள்ளி விட்டதும் டியூஷனுக்குப் போகும் முன் முக்கால் மணி நேரம் தெருவில் விளையாட விடுங்கள். கண் பரிசோதனையை மட்டும் வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் செய்யுங்கள்.